இடிக்கு வக்கீல்

எங்கள் வீட்டுத் தென்னைமரம் பற்றி எரிந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். அந்தப் பெருமையை இன்றுவரை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதச் சாயங்காலம். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது எங்கள் வீடு. ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கொல்லைப்புற வாசலில் நின்று காராச்சேவு தின்றுகொண்டிருந்தேன். மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. திடீரென்று கண்ணைப் பறிக்கிற ஒரு வெளிச்சமும் காதை அடைக்கிற ஒரு சத்தமும் ஒன்றாக வந்தன. கண்ணைத் திறந்தபோது தென்னையின் தலையில் தீப்பிடித்திருந்தது. பச்சை மட்டை இப்படி எரியுமா என்று ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் இருந்த காராச்சேவைக்கூடக் கீழே போடவில்லை என்று அம்மா பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

வானம் இடித்தால் எங்கள் பக்கத்தில் இரண்டு காரியம் செய்வார்கள். அர்ச்சுனா, அர்ச்சுனா என்று வாய்விட்டுச் சொல்வார்கள். ஏதாவது ஓர் இரும்புச் சாமானைத் தூக்கி வாசலில் போடுவார்கள். வாசலில் இரும்பு கிடந்தால் இடி வீட்டுக்குள் வராது என்று நம்பிக்கை. அன்று மலைப்பக்கம் உறுமல் கேட்டபோதே அம்மா இரண்டையும் செய்திருந்தாள். ஆனால் அவசரத்தில் கடப்பாரையை முன்வாசலில் போடாமல் கொல்லைப்பக்கம் வீசிவிட்டாள். அது நேராகத் தென்னைமரத்தடியில் போய்க் கிடந்தது. இரும்பைக் காட்டி வா வா என்று கூப்பிட்டதே அவள்தான் என்றார் அப்பா. வீட்டுக்குள் வரவேண்டியதை வெளியிலேயே நிறுத்தியது அந்தக் கடப்பாரைதான் என்றாள் அம்மா. இந்த வழக்கு எங்கள் வீட்டில் பல வருஷம் தீர்ப்பாகாமல் கிடந்தது.

மரம் போனதற்காக யாரும் அழவில்லை. அத்தையின் கல்யாணத்தை நினைத்துத்தான் அழுதார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்களோடு இருந்தாள். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்துவிட்டு ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தாள். அவளை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவர், அங்கே கோர்ட்டில் கிளார்க். கார்த்திகையில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேச்சு. பெண் பார்க்க வந்த அன்று அந்தத் தென்னையில்தான் இளநீர் வெட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை குடித்துவிட்டு, தண்ணீர் நன்றாக இனிக்கிறது என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். அவர் அவளிடம் பேசியது அது ஒன்றுதான். அத்தை அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

இடி விழுந்த வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆகாதவர்களை உன் தலையில் இடி விழ என்று திட்டுகிற ஊர். நிஜமாகவே விழுந்த வீட்டை என்ன சொல்வார்கள் என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் ஆளைக் கூட்டிவந்து மரத்தை வெட்டினார். தூரைத் தோண்டி எடுத்துக் குழியை மூடி, அதன்மேல் துவைக்கிற கல்லைத் தூக்கிப் போட்டார். யார் கேட்டாலும் மரத்தில் வண்டு விழுந்துவிட்டது என்று சொல்ல வேண்டும் என்று வீட்டில் உத்தரவு போட்டார். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு அதே உத்தரவை இன்னொரு முறை சொன்னார். முந்தின நாள் அந்தத் தீயை மதுரை பஸ்ஸில் போனவர்கள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருந்தார்கள் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

வாரம் முடிவதற்குள் தரகர் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். மழை, பஞ்சு விலை என்று எதையெதையோ பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது, மாப்பிள்ளையின் அம்மா கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்வதாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா தரகரோடு தெருமுனை வரை போய், வண்டு, வண்டு என்று சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அடுப்படியில் நின்ற அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் காலையில் வழக்கம்போலச் சேலை மடிப்பில் பின் குத்தி, வழக்கமான நேரத்துக்கு ஆபீசுக்குப் புறப்பட்டுப் போனாள். பாட்டை மட்டும் காணோம்.

இந்த நிலைமையில்தான் இங்கிலீஷ் டீச்சர் எங்களை மழையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். வாயால்தானே சொல்லக்கூடாது, இங்கிலீஷில் எழுதினால் அது சொன்னதாகாது என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து, எங்கள் தென்னைமரத்தில் தண்டர் விழுந்தது என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். தண்டர் விழாது என்றார். நான் விடவில்லை. காராச்சேவோடு நின்று கண்ணால் பார்த்தவள் நான். வீட்டுக்கு வந்து அத்தையின் டிக்ஷனரியைப் புரட்டினேன். தண்டர் என்ற சொல்லுக்கு இடி என்று போட்டிருந்தது. கொஞ்சம் கீழே தண்டர்போல்ட் என்று இன்னொன்று இருந்தது. அதற்கும் இடி என்றே போட்டிருந்தது. மறுநாள் டிக்ஷனரியையே தூக்கிக்கொண்டு போய் டீச்சரின் மேஜைமேல் வைத்தேன்.

டீச்சர் கோபப்படவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு கண்மாய். தூரத்து அக்கரையில் ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். துணி எப்போது கல்லில் படுகிறது, சத்தம் எப்போது வருகிறது, பார் என்றார். நான் பார்த்தேன். துணி கல்லில் பட்டு, மறுபடி அவர் தலைக்குமேல் போன பிறகுதான் தப்பென்ற சத்தம் எங்களிடம் வந்து சேர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தினமும் பார்க்கிற கண்மாய். ஒரு நாளும் இதைக் கவனித்ததில்லை. வானத்திலும் இதே கதைதான் என்றார் டீச்சர். தண்டர் என்பது சத்தம் மட்டும். காதில்தான் விழும், மரத்தில் விழாது. தண்டர்போல்ட் என்பதுதான் மேலேயிருந்து இறங்கி எரிக்கிறது. அதுவும் மின்னல்தான், வேறு பொருளொன்றும் கிடையாது. எங்கள் மரம் பக்கத்திலேயே இருந்ததால் இரண்டும் ஒன்றாக வந்த மாதிரி எனக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டுக்கும் நாம் ஒரே பெயரை வைத்துக்கொண்டு, மின்னல் செய்ததற்கெல்லாம் சத்தத்தைத் திட்டுகிறோம்.

அன்றைக்கு நான் இடிக்கு வக்கீலானேன். வழக்கு மிகவும் சுலபம். எங்கள் வீட்டுக்கு வந்தது தண்டர் மட்டும். அது எல்லார் வீட்டுக்கும்தான் வந்தது. தண்டர்போல்ட் தொட்டது மரத்தை. அந்த மரத்தைத்தான் தூரோடு தோண்டியாகிவிட்டதே. ஆகவே வீட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. வீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் அகலம்தான் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இந்த வாதத்தை எடுத்து வைத்தேன். அப்பா சோற்றைத் தின்னச் சொன்னார். வண்டு என்று சொல்லச் சொன்னால் இவள் இங்கிலீஷில் வேறு சொல்லிக்கொண்டு அலைகிறாளே என்று அம்மா பயந்தாள். அத்தை மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டு, கண்மாயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். நடுவில் தடுமாறிய இடத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

"ஏட்டி, இதை வேத்தாள் முன்னாடியும் இப்பிடியே சொல்லுவியா?"

"கலெக்டர் முன்னாடிகூடச் சொல்லுவேன்."

"கலெக்டர் வேண்டாம். நான் சொல்லுத ஆள்கிட்டச் சொல்லு, போதும்."

இரண்டாம் சனிக்கிழமை. கோர்ட்டு, தாலுகா ஆபீஸ் எல்லாம் லீவு. ஆண்டாள் கோயிலுக்குப் போய்வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பெண் பார்க்க வந்த அன்று கட்டியிருந்த அதே நீலச் சேலை. பஸ்ஸில் நான் வழியெல்லாம் உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்ததும் நான் பழக்கத்தில் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பினேன். அத்தை என் கையைப் பிடித்து வேறு தெருவுக்குள் இழுத்தாள்.

"சாமியப் பொறவு பாப்போம்."

அப்போதுதான் அவள் எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நிச்சயம் ஆகாத பெண் மாப்பிள்ளை வீட்டுக்குத் தானாகப் போய் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வழக்கு பெரிய கோர்ட்டுக்குப் போகிறது என்பதுதான். பயத்துக்குப் பதிலாகக் குஷி வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா முன்அறையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தை அப்படியே கீழே வைத்தார். அத்தை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "நல்லாருக்கீங்களா அத்தை" என்றாள். அத்தைக்கு ஓர் அத்தையா என்று எனக்கு ஒரு கணம் குழம்பியது. மாமியாராக வரப்போகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று பிறகு தெளிந்தேன். அந்த அம்மாள் கடுமையான மனுஷி இல்லை. ஒற்றையாகவா வந்தாய் என்று கேட்டு உள்ளே கூப்பிட்டு, பாயை விரித்து உட்கார வைத்து, காப்பி போட்டுக் கொடுத்து, என் கையில் இரண்டு முறுக்கையும் வைத்தார். மாப்பிள்ளை ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

அத்தை சுற்றி வளைக்கவில்லை. எங்கள் வீட்டுத் தென்னை எரிந்தது உண்மைதான், வண்டெல்லாம் இல்லை என்றாள். பிறகு என் முதுகில் கைவைத்து, நீ படித்ததைச் சொல் என்றாள்.

நான் முறுக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று சொன்னேன். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. துவைக்கிறவர் துணியைத் தூக்குவதை நடித்துக்காட்டி, செத்த நேரம் நிறுத்தி, பிறகு கையைத் தட்டினேன். தண்டர் வேறு, தண்டர்போல்ட் வேறு. எங்கள் வீட்டுக்கு வந்தது தண்டர்தான் என்று முடித்தேன். அந்த அம்மாள் கன்னத்தில் கைவைத்து முழுவதையும் ரசித்துக் கேட்டார். என்னைப் பக்கத்தில் இழுத்து முகவாயைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"பிள்ள சொல்லுததெல்லாம் சரித்தான் தாயி. எனக்கு இருக்குதது ஒத்தப் பிள்ள. அவன் அப்பாவையும் திடீர்னு தூக்கிக் குடுத்தவ நான். விழுந்தது எதுவா வேணா இருக்கட்டும், உங்க வீட்டுலதான விழுந்துச்சு."

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டீச்சரும் சொல்லித்தரவில்லை. ஆனால் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவர் அதே அறையில்தானே இருக்கிறார். என்னைவிட எத்தனையோ மடங்கு தெரிந்தவர். நான் அவர் பக்கம் திரும்பினேன். உரிமையோடு மாமா என்றே கூப்பிட்டேன்.

"மாமா, நீங்க பிசிக்ஸ் படிச்சிருக்கீங்கள்ல. நீங்களே சொல்லுங்க."

அத்தையும் திரும்பினாள். அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். அவர் பேப்பரை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். அம்மாவைப் பார்த்தார். அத்தையைப் பார்க்கவில்லை. காப்பியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ எத்தனாவது படிக்கிற?"

"ஆறாவது."

"நல்லாப் படி."

அவ்வளவுதான். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். யோசித்துக்கொண்டிருக்கிறார், இனிமேல்தான் சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அத்தை காத்திருக்கவில்லை. எழுந்து சேலையை உதறி, "வாரோம்மா" என்றாள். வரும்போது அத்தை என்றவள் போகும்போது அம்மா என்கிறாளே என்று எனக்குப் பட்டது. ஆனால் என் கவலையெல்லாம் பாதியில் நின்றுபோன வாதத்தைப் பற்றியது. கீழே வைத்த முறுக்கையும் மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னபடி சாமியைப் பார்த்தோம். ஆண்டாள் சன்னதியில் அத்தை வெகுநேரம் நிற்கவும் இல்லை, கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. வெளியே வந்து பால்கோவா வாங்கி, பஸ்ஸில் ஏறியதுமே பொட்டலத்தைப் பிரித்தாள். எனக்கு இறங்கவில்லை. அவள் காகிதத்தில் ஒட்டியிருந்ததைக்கூட வழித்துத் தின்றாள். அடுத்த முறை டீச்சரையே கூட்டிக்கொண்டு வருவோம், டீச்சர் வந்தால் அந்த அம்மாளுக்குப் பதில் சொல்லிவிடுவார் என்று நான் ஆறுதல் சொன்னேன். அத்தை சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு டீச்சரும் வேண்டாம். வந்த வேல முடிஞ்சுபோச்சு."

தோற்றுப்போனவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மலைமேல் மின்னல் வெட்டியது. சத்தம் எப்போது வருகிறது என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

சில நாள் கழித்துத் தரகர் மறுபடி வந்தார். இந்தத் தடவை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அத்தை அங்கே போன விஷயம் அவர் வாயிலிருந்துதான் அப்பாவுக்குத் தெரிந்தது. அப்பா கோபப்படுவதற்குள் தரகர் முந்திக்கொண்டார். குழந்தை வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து அந்த அம்மாளுக்கு மனசு இளகிவிட்டதாம். ஒரு சின்னப் பரிகாரம் செய்துவிட்டால் போதுமாம், கார்த்திகையிலேயே நிச்சயத்தை வைத்துக்கொள்ளலாமாம். அம்மா சீனி டப்பாவை எடுக்க ஓடினாள். நான் குதித்தேன். ஜெயித்தது நான், என் கேஸ், என் வாதம். அத்தை தோசைக்கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்து அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம்ணே. அவிய வீட்டுல சொல்லச் சொல்லிருங்க."

அப்பாவுக்கு முதலில் காதில் விழவே இல்லை. விழுந்த பிறகு சத்தம் போட்டார். தானாகப் போய் நின்று அவர்களைச் சம்மதிக்க வைத்துவிட்டு இப்போது வேண்டாம் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். பிறகு குரலை இறக்கிக் கெஞ்சினார். பெற்றவர்கள் இல்லாத தங்கையைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று என்னை நினைக்கிறாயா என்று கேட்டார். அதில் அத்தைக்குக் கண் கலங்கியது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை. தோசை கருகிவிடும் என்று உள்ளே போய்விட்டாள். அப்பா ரொம்ப நாள் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு இருந்த ஆத்திரம் அப்பாவுடையதைவிடப் பெரியது. தொண்டைத் தண்ணீர் வற்ற வாதாடிக் கேஸை ஜெயித்துக் கொடுத்தால், கட்சிக்காரரே தீர்ப்பு வேண்டாம் என்கிறாரே.

அத்தைக்குச் சில வருஷம் கழித்துத்தான் கல்யாணமானது. அந்த மாமா பத்தாவதோடு நிறுத்தியவர். கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். இடி இடித்தால் அவருக்குக் குலை நடுங்கும். பெண் பார்க்க வந்தபோதே, எனக்கு இடி என்றால் பயம், மற்றபடி உங்கள் வீட்டில் விழுந்ததைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை என்று தன் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும் சொன்னார். அத்தை உள்ளே நின்று வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். மழைக்காலத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் மாமாவின் அர்ச்சுனா தெருமுனை வரை கேட்கும்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தக் கார்த்திகையில், நான் பேசாமல் இருந்த நாட்களில் ஒன்றில், மழை வருகிறதென்று மொட்டை மாடியில் துணி எடுக்க ஓடினேன். அத்தை ஏற்கெனவே கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல், எதற்காக வேண்டாம் என்று சொன்னாய் என்று கேட்டுவிட்டேன். அவள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீ அவியகிட்ட என்னட்டி கேட்ட?"

"விழுந்தது எதுன்னு சொல்லச் சொன்னேன்."

"அவிய ஒங்கிட்ட என்ன கேட்டாக?"

"எத்தனாவது படிக்கிறேன்னு."

"நீ பதில் சொன்னேல்ல?"

"சொன்னேன்."

"அம்புட்டுத்தான்."

தூறல் விழ ஆரம்பித்தது. அவள் என் தலையில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் படியில் இறங்கிப் போனாள். எனக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. போயும் போயும் ஆறாவது படிக்கிறவளை வக்கீலாகக் கூட்டிக்கொண்டு போனது அத்தைக்கு அவமானமாகிவிட்டது. பாவம், என்னிடம் நேராகச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்து ஒரு மாப்பிள்ளை வருவதற்குள் எட்டாவதாவது போய்விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, கீழே வந்து கைகாலைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்து உட்கார்ந்தேன்.